ஸுஹறா வீட்டுக்கு முதுமை வழங்கப்பட்ட வரலாறு

பொதுமக்களின் நலன் கருதி இலுப்பைவெளிப் பிரதேச சபை வடிகால் கமரா ஒன்றைப் பெற்றுக்கொண்டது. நீண்ட வயரின் நுனியில் விளக்கோடு ஒரு சின்னக் கமரா. வீட்டுக் குழாய்க்குள் அதை விட்டால், உள்ளே என்ன அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்று திரையில் துல்லியமாகப் பார்க்கலாம். பார்க்கத்தான் முடியும். எடுப்பதற்கு வேறு கருவி வேண்டும், அதற்கு நிதி வரவில்லை. அதுவரை கான் என்கிற ரோட்டோர வடிகால்களைத் துப்புரவாக்கி வந்த தொழிலாளர்களை அந்த வேலையிலிருந்து விடுவித்து, கமராவுக்குக் காவல் போட்டார்கள்.

கமரா வந்ததில் உண்மையாகவே சந்தோசப்பட்டவள் ஸுஹறாதான். கட்டட வேலைக்காரருக்கும் கடைக்காரருக்கும் மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுத்து, அதில்தான் அவள் குடும்பம் நடத்தினாள். மழை பெய்தால் போதும், குசினிக் குழாயால் போன தண்ணீர் கறுப்பாகத் திரும்பி வந்து அடுப்படியில் நிற்கும். ரோட்டோரக் கான் எங்கேயோ அடைத்திருக்கிறது என்று சபைக்கு நடந்து நடந்து சொல்லிப் பார்த்தாள். கேட்பாரில்லை. கடைசியில் சுகாதாரப் பரிசோதகர் வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, "வடிகால் சரியெண்டு சபை அத்தாட்சி தரும்வரைக்கும் இஞ்ச சமைச்சு விக்க ஏலாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுப்பு அணைந்தது.

ஸுஹறா திரும்பவும் சபைக்குப் போனாள். அங்கே வடிகால் அகநோக்கு அலுவலர் என்ற புதிய கதிரையில் ஜனார்த்தனன் இருந்தார். கமராப் பயிற்சிக்கு வெளிநாடு போய்வந்தவர். அந்த நாட்டில் வீடுகள் ஒருதரம் கட்டினால் நிற்கும். நின்ற இடத்திலேயே அவற்றுக்கு வயது போகும். ஆகவே வீட்டின் வயதைப் பார்த்துத்தான் அங்கே கமரா விடுவார்கள். அந்த விதிமுறையை அவர் ஒரு சொல்லும் சிந்தாமல் தமிழில் கொண்டுவந்திருந்தார். இளம் வீட்டுக்குக் கமரா இல்லை, ஏனென்றால் இளம் வீட்டில் அடைப்பு வராது. நடுவயது வீடு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். நாற்பது தாண்டிய முதுவீட்டுக்கு உடனடிச் சேவை.

"வீட்டுக்கு என்ன வயசு, அக்கா?"

"எந்தப் பக்கத்துக்குத் தம்பி?"

ஜனார்த்தனன் தலையை நிமிர்த்தினார்.

"அத்திவாரமும் குசினிக் குழாயும் எழுபத்தாறில என்ர மாமா போட்டது. சுவர் வீட்டுத்திட்டத்தில வந்தது. கூரை புயலுக்குப் பறந்துபோய், பிறகு புதுசாப் போட்டனாங்கள்."

"முழு வீட்டுக்கும் ஒரு வயசு சொல்லுங்கோ."

"முழுசா இருந்திருந்தால் சொல்லியிருப்பன்."

"சரி, குழாயின்ர வயசை எடுப்பம். எழுபத்தாறில இருந்து தொடர்ச்சியாப் பாவிச்சனீங்களோ?"

"தொண்ணூறில முஸ்லிம் சனம் எல்லாரையும் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்னவை. புத்தளத்தில முகாமில கிடந்து, சண்டை முடிஞ்சாப் பிறகுதான் திரும்பி வந்தனாங்கள்."

அலுவலரின் முகம் மலர்ந்தது. "அப்ப அந்த இருபது வருசமும் குழாய் ஓய்வில இருந்திருக்கு. பாவிக்காத குழாய்க்கு வயசு போகாது. அதைக் கழிக்க வேணும்."

"எங்களுக்கு வயசு போனதே, தம்பி."

"அது வேற திணைக்களம், அக்கா."

இடம்பெயர்ந்த காலத்தைக் கழித்து, புதுக் கூரைக்கும் ஒரு தள்ளுபடி கொடுத்துப் பார்த்ததில், ஸுஹறாவின் வீடு இளம் வீடாகிவிட்டது. இளம் வீட்டில் அடைப்பு வராது. ஆகவே அவளுடைய குசினியில் தண்ணீர் நிற்கவில்லை என்று தீர்மானமாயிற்று. அவள் வீட்டுக்குப் போய், நிற்காத தண்ணீரை வாளியால் அள்ளி அள்ளி முற்றத்தில் ஊற்றினாள்.

இந்த நேரத்தில் சபைக்கே ஒரு சங்கடம் வந்தது. கமரா தொடக்கவிழாவுக்கு அழைப்பிதழ் அடித்தாயிற்று. அதில் "முதுவீடொன்றின் வடிகாலைத் தவிசாளர் அகநோக்குவார்" என்று போட்டாயிற்று. முதுவீடுதான் கிடைக்கவில்லை. சபை எல்லை முழுக்கத் தேடியும், நாற்பது வருடம் விழாமல் நின்ற ஒரு வீடு அகப்படவில்லை. "ஏன் இல்லை?" என்று ஜனார்த்தனன் ஊராரிடம் விசாரித்தார். சண்டையில் விழுந்த வீடுகளின் அத்திவாரத்தில் நின்றபடி, அவர்கள் அவருக்காக வெட்கப்பட்டார்கள்.

சபைத் தலைவரான தவிசாளர் அவசரக் கூட்டம் கூட்டினார். தமது விசேட அதிகாரத்தைப் பயன்படுத்தி ஸுஹறாவின் வீட்டுக்கு முதுமை வழங்கினார்.

செய்தி கேட்டு ஸுஹறாவின் கணவன் நவ்பர் வாயில் கை வைத்தான். "ஒரு ராவில நாப்பது வயசோ! முகாமில இருக்கேக்க எனக்குக்கூட இவ்வளவு கெதியா வயசு போகேல்ல."

ஊரில் முதுமைக்கு மவுசு பிறந்தது. பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரி புதிதாக அடித்த பெயின்ற்றைத் தேங்காய்த் தும்பால் தேய்த்துப் பழசாக்கினாள். "உங்கட குழாயைத்தான் ஊர் பாக்க வேணுமோ ஸுஹறாக்கா, எங்கட குழாய்க்கு என்ன குறை?" என்று வேலிக்கு மேலால் கேட்டாள்.

விழா நாளில் பந்தல் போட்டார்கள், விளக்கேற்றினார்கள். கமராவுக்கும் ஒரு சின்ன மாலை விழுந்தது. குழாய்க்குள் போகாதபடியால் அதைக் கழற்ற வேண்டியதாயிற்று. தவிசாளர் வயரைப் பிடித்து உள்ளே தள்ளினார். திரையில் குழாய் தெரிந்தது. மாமா போட்ட குழாய், ஒரு குறையும் இல்லை. சனம் கை தட்டியது. கமரா வளவைத் தாண்டி ரோட்டோரக் கானுக்குள் இறங்கியது. மேலே கொங்கிறீற்று மூடி, கீழே இருட்டு. பிறகு, கானை அடைத்துக்கொண்டு குறுக்கே விழுந்து கிடந்த ஒரு பெரிய கறுப்புக் கல் தெரிந்தது. கல்லில் தங்க எழுத்து. சனம் கழுத்தைச் சரித்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தது:

"இக்கான்... கௌரவ தவிசாளர் அவர்களின்... பொற்கரங்களால்..."

கான் கட்டி முடித்தபோது வைத்த திறப்புவிழாக் கல். எப்போதோ லொறி இடித்து, மூடியையும் உடைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. புது மூடி போட்டவர்கள் குனிந்து பார்க்கவில்லை.

"கமரா பழுது போலக் கிடக்கு," என்றார் தவிசாளர்.

திரை அணைந்தது. ஜனார்த்தனன் அங்கேயே அத்தாட்சி எழுதினார்: வீட்டு வடிகால் சிறப்பான நிலையில் உள்ளது.

"தம்பி, கல்லு தெரிஞ்சதே! அதைக் கிளப்பினால் என்ர குசினி காயும்," என்றாள் ஸுஹறா.

"தெரிஞ்சதுதான். ஆனா அக்கா, வளவுக்கு வெளியால தெரியிறது எங்களுக்குத் தெரியாது. எங்கட அதிகாரம் வேலியோட முடியுது."

பந்தல் கழற்றியவர்கள் போகும்வரை ஸுஹறா பொறுத்திருந்தாள். பிறகு கான் மூடியை நெம்ப அலவாங்கைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினாள். நவ்பர் வந்தான், ஜெகதீஸ்வரி வந்தாள், ஒழுங்கையில் குடியிருந்த சனமே வந்தது. மூடியைக் கிளப்பி, கல்லுக்குக் கயிறு கட்டி, பேசாத பேச்செல்லாம் பேசி இழுத்தார்கள். கல் மேலே வர, இத்தனை நாளாக நின்ற தண்ணீர் ஒரே இரைச்சலாக ஓடியது. அடுத்த மழைக்கு அடுப்படி நனையவில்லை. சுகாதாரப் பரிசோதகர் அத்தாட்சியைப் பார்த்துத் திருப்திப்பட்டார். குசினியைப் பார்க்கவேயில்லை. ஸுஹறா அடுப்பை மூட்டினாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கான் ஓடுவதைச் சபை கவனித்துவிட்டது. கமரா போனது, அடைப்பு நீங்கியது. ஆகவே கமராவால் நீங்கியது. வெற்றிவிழா அறிவித்தார்கள்.

"இண்டைக்கு மைக்கைப் பிடிச்சு எல்லாத்தையும் சொல்லத்தான் போறன்," என்று ஸுஹறா சபதம் போட்டுக்கொண்டு போனாள். ஒழுங்கைச் சனம் முழுக்க அவள் பின்னால் போனது.

கானோரத்தில் ஒரு புதுக் கல், பட்டுத் துணி மூடியபடி நின்றது. தவிசாளர் துணியை இழுத்தார். "கமரா மூலம் அடைப்பு நீக்கப்பட்டது" என்று இருந்தது. அதன் கீழ் தவிசாளர் பெயர். அதன் கீழ் ஜனார்த்தனன் பெயர். அதற்கும் கீழே, "பயனாளி: திருமதி ஸுஹறா நவ்பர்."

ஸுஹறா வாசித்தாள். கிட்டப் போய் இன்னொருதரம் வாசித்தாள். மைக்கைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்கள்.

"எழுத்து வடிவா விழுந்திருக்கு," என்றாள். பிறகு நவ்பர் பக்கம் திரும்பி, "இஞ்சேருங்கோ, ஒரு படம் எடுங்கோ."

சனத்துக்குள்ளிருந்து ஜெகதீஸ்வரி பாய்ந்து எழும்பினாள். "அநியாயம்! கயிறு இழுத்தது நாங்கள். எங்கட பேர் எங்க?" ஒழுங்கை முழுக்க அதையே கேட்டுக் குரல் எழுப்பியது. கமரா அடைப்பை எடுத்தது என்பது பொய் என்று ஒரு வாயும் சொல்லவில்லை.

மக்களின் குறைகளுக்குச் செவிசாய்ப்பதில் தவிசாளர் பேர்போனவர். எல்லாருடைய பெயரும் பொறித்த இன்னும் பெரிய கல் ஒன்று, கானின் மற்றக் கரையில், மூடியின் விளிம்போடு நாட்டப்படும் என்று அந்த இடத்திலேயே அறிவித்தார். பந்தல் அதிரக் கை தட்டினார்கள்.

ஸுஹறா மட்டும் தட்டவில்லை. மற்றக் கல் தன்னுடைய கல்லைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்று ஜனார்த்தனனை ஓரமாகக் கூப்பிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தாள்.