மைக்கேல் திருநாள் மயில்

கோட்டையில் இருந்த ஒரே மயிலை நரி தூக்கிக்கொண்டு போய்விட்டது. காரியஸ்தர் ஆஸ்பர்ட் பதவிக்குரிய வெள்ளைக்கோலைப் பிடித்தபடி, வேலியோரம் கிடந்த இரண்டு இறகுகளைத் துக்கம் விசாரிப்பவர்போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மைக்கேல் திருநாள் மதிய விருந்துக்குக் கிழட்டு ஃபல்க் பிரபு வருகிறார்; காலமான பெரிய பிரபுவின் விருந்துகளில் எல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டவர். "எங்கப்பா காலத்து விருந்து மாதிரியே இருக்குன்னு அவர் வாயால சொல்லணும். சொல்லலேன்னா கோலை வெச்சுட்டுக் கெளம்புங்க" என்று சின்னப் பிரபு ரனல்ஃப் காலையிலேயே சொல்லிவிட்டார்.

பெரியவர் காலம்! எக்காளம் முழங்க, அலகில் நெருப்பு எரிய, தோகையோடு மயில்கறி கூடத்துக்குள் வரும். முன்னால் கோலோடு ஆஸ்பர்ட். மயிலைவிட இவருக்குத்தான் தோகை பெரிசு என்பார்கள் விருந்தாளிகள். அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். கடைசியில் பெரியவர் தம் கையாலேயே ஒரு துண்டு அறுத்துத் தருவார். அந்த ருசி!

சமையற்கட்டுக்கு, சமையற்காரன் ஹேமோவிடம் ஓடினார்.

"ஹேமோ, தோகையோட பழைய மயில்தோல் ஏதாவது இருக்காடா?"

"ஒண்ணு பெட்டியில பத்திரமா வெச்சிருக்கேன் சாமி."

"உள்ள ஒரு வாத்தை வறுத்து வெச்சுத் தெச்சுடு."

"வாத்தா? குடியானவன் வீட்டுச் சாப்பாடாச்சே!"

"வாயை மூடு. வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்."

பெட்டியைத் திறந்தால், கழுத்திறகைப் பூச்சி தின்றிருந்தது. கோட்டைச் சீமாட்டியின் தொப்பி இறகைப் பிய்த்து ஒட்டினார். அது சிவப்பு. வாத்தோ கொழுத்தது, தோல் முதுகில் பிளந்தது. எல்லார் கண்ணும் அலகுப் பக்கமே போகட்டும் என்று கற்பூரம் தோய்த்த பஞ்சை அலகில் இரண்டு மடங்காகத் திணித்தார்.

விருந்தில், கூடத்தின் நடுவில் வரும்போதே தோகை பற்றிக்கொண்டது. ஆஸ்பர்ட் மதுக்குடத்தைத் தூக்கி ஊற்றினார். பாதி மயில்மேல், பாதி சின்னப் பிரபுமேல். கரிந்த தோலுக்குள்ளிருந்து வாத்து கொழுகொழுவென்று எட்டிப் பார்த்தது.

"ஐயோ, அது என் தொப்பி!" என்றாள் சீமாட்டி.

சின்னப் பிரபு கோலுக்காகக் கையை நீட்டினார்.

அதற்குள் ஃபல்க் பிரபு ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டிருந்தார். மென்றார். கண் கலங்கியது.

"உங்கப்பன் வீட்டு மயிலேதாண்டா தம்பி! அதே ருசி!"

நீட்டிய கை மடங்கியது.

ஆஸ்பர்ட் சமையற்கட்டுக்கு வந்து மாவு மூட்டைமேல் சாய்ந்தார். "கெழவனுக்கு நாக்கு செத்துப்போச்சு, நான் பொழைச்சேன். பெரியவர் காலத்து மயில் எங்கே, இந்த வாத்து எங்கே!"

ஹேமோ கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "அப்பவும் இதே தோலு, உள்ள வாத்துதான் சாமி. கோலும் கையுமா நீங்க முன்னால நடக்கிற அழகு கெட்டுப்போகும்னு, உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு பெரியவரு."