ரன்வே பொறுப்பாளர்

"இஞ்சேருங்கோ, சிசிலி அக்கா வெளிக்கிட்டிட்டாவாம்" என்றாள் மனைவி பிறின்சி போனில்.

"எங்கை?"

"உங்கட ஏர்போட்டுக்கு."

மணல் கூட்டிக்கொண்டிருந்த பீலிக்ஸின் கையிலிருந்து தும்புத்தடி கீழே விழுந்தது.

"ஏனாம்?"

"ஆருக்குத் தெரியும்? ஜெசிந்தன் லவினியாவுக்கு மெசேஜ் போட்டிருக்கிறான். விடியவே கொலோனிலையிருந்து வான் ஒண்டிலை வெளிக்கிட்டவையாம். தாய் சரியான கோவமாம்."

"ஞானப்பிரகாசம் அண்ணையும் வாறாரோ?"

"அவர் கம்பனி அலுவலா சுவிசுக்குப் போட்டாராம். நான் அப்பவே சொன்னனான், உண்மையைச் சொல்லுங்கோ எண்டு. கேட்டியளே? இப்ப பிள்ளையின்ரை கலியாணம் நிண்டால் என்ன செய்யிறது?"

அது தெரிந்திருந்தால் பீலிக்ஸ் ஏன் இந்த மணல் காட்டில் நின்று தும்புத்தடி பிடிக்கப் போகிறார்?

அவர் வேலை செய்த கெல்சென்கிர்ச்சன் தொழிற்சாலையை போன மாரிக் குளிர் தொடங்க முன்பே மூடிவிட்டார்கள். அதை மனைவியிடம் மட்டும் சொன்னார். மற்றவர்களுக்குச் சொல்ல வெட்கம். தினமும் காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு புறப்பட்டு, ட்ராமில் கடைசித் தரிப்பிடம் வரை போய், பூங்காவில் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, களைத்த முகத்தோடு வீடு திரும்புவார். களைப்பு மட்டும் உண்மையானது.

இந்த நேரம் பார்த்துத்தான் மகள் லவினியாவுக்குக் கொலோனிலிருந்து ஜெசிந்தனின் சம்பந்தம் வந்தது. இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. கலியாணப் பேச்சுக்கால் நாளன்று பெடியனின் தகப்பன், சிசிலி அக்காவின் புருசன் ஞானப்பிரகாசம், கோட்டும் சூட்டுமாக, பூசை வைக்கிற குரலில் கேட்டார்: "நீங்கள் எங்கை வேலை செய்யிறியள்?"

அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே ஒரு விமானம் போனது. போகாமல் இருந்திருக்கலாம்.

"ஏர்போட்டிலை" என்றது பீலிக்ஸின் நாக்கு. "ரன்வே எல்லாம் என்ரை பொறுப்பு."

ஒருமுறை சொன்னதோடு விட்டார்களா? அதன்பிறகு ஞானப்பிரகாசம் கிழமைக்கொருக்கால் போன் எடுத்தார். எந்த ஏர்போட்? வேலை எப்பிடிக் கிடைச்சது? எங்கட வயசாக்களை எடுப்பினமோ? டொச் பாஷை நல்லாத் தெரியவேணுமோ? நம் சனம் சம்பந்தம் செய்ய முன் நாலு இடத்தில் விசாரிக்கும். சாமியாரிடம் கேட்கும், தமிழ்க்கடைக்காரரிடம் கேட்கும். ஆனால் இந்த மனுசன் பொலிஸ்காரன் மாதிரி ஆளிடமே அல்லவா விசாரிக்கிறார் என்று பீலிக்ஸ் வியர்த்துப்போனார்.

சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டால் பாவம் குறையும் என்று அவருக்கு ஒரு கணக்கு. எந்த விமான நிலையமும் அவரை எடுக்கவில்லை, இது ஒன்றைத் தவிர. இங்கே எவரையும் எடுப்பார்கள், ஏனென்றால் சம்பளம் கிடையாது. அடுத்த போனில் இதன் விலாசத்தையே பெருமையாக ஞானப்பிரகாசத்துக்குச் சொல்லிவிட்டார்.

பிராண்டன்பூர்க்கில் ரஷ்யர்கள் டாங்கி ஓட்டிப் பழகி, மரம் செடி எல்லாம் செத்துப்போய், பாலைவனமாகவே ஆகிவிட்ட ஒரு பெரிய மணல் வெளி இருக்கிறது. உலகக் கிண்ணம் முடிந்த அந்தக் கோடையில் அங்கே ஒரு கலை விழா நடந்தது. இரும்பில் திமிங்கிலம் செய்தவர்கள், இறகு கட்டிக்கொண்டு ஆடுகிறவர்கள், சும்மா மணலில் படுத்திருப்பதையே கலை என்றவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். வசதியான சிலர் சின்ன விமானங்களிலும் வந்தார்கள். அவர்களுக்காக விழாக்காரர் ரஷ்யர்கள் விட்டுப்போன கொங்கிறீட் பாதையைக் கூட்டித் துடைத்து, நாலு கூடாரமும் ஒரு சாரக் கோபுரமும் எழுப்பி, 'விமான நிலையம்' என்று பலகை மாட்டிவிட்டார்கள். அங்கே உண்மையான அனுமதிப்பத்திரம் வைத்திருந்தவர் கோபுரத்தில் ஒலிபெருக்கியோடு இருந்த கிழட்டு விமானி ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் தொண்டர்கள்.

பீலிக்ஸுக்குக் கிடைத்த வேலை ரன்வேயில் மணல் கூட்டுவது. ரன்வே எல்லாம் அவர் பொறுப்பு. அந்த மட்டில் பொய் இல்லை.

ஆனால் சிசிலி அக்கா தும்புத்தடியைப் பார்த்தால்?

பக்கத்தில் நாடகக்காரர் ஒருவர் உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தார். தங்கப் பட்டி வைத்த நீலக் கோட்டு, தொப்பி. பீலிக்ஸ் கைச்சாடையால் இரவல் கேட்டார். மனுசன் கண் திறக்காமலே தலையாட்டினார். கோட்டு முழங்கால் வரை வந்தது. தொப்பி காதில் தங்கியது. பரவாயில்லை, தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரு அதிகாரிதான்.

அந்த அழகை ஒரு குளவியும் பார்த்துவிட்டது. ஜெர்மன் ஓகஸ்ட் குளவி, தொப்பிக்குள் புகுந்தது. பீலிக்ஸ் இரண்டு கையையும் உயர்த்தி வீசினார், இடப்பக்கம் அடித்தார், வலப்பக்கம் அடித்தார்.

அப்போதுதான் இறங்கிய விமானம் ஒன்று ரன்வே முனையில் நின்றிருந்தது. தங்கப் பட்டிக் கோட்டு போட்ட ஒருவர் இப்படி வா, இப்படித் திரும்பு என்று கை காட்டுகிறார் என்றால் எந்த விமானிதான் வராமல் இருப்பான்? விமானம் பணிவாகத் திரும்பி, உருண்டு வந்து, சமையல் கூடாரத்துக்கு நேரே நின்றது. அதன் காற்றாடி கிளப்பிய மணல் முழுவதும் மத்தியானப் பருப்பு சூப் கிடாரத்துக்குள் போனது. கூடாரமும் ஒரு பக்கம் சரிந்தது.

"ஹேர் பீலிக்ஸ்!" கோபுரத்து ஒலிபெருக்கி பாலைவனம் முழுக்கக் கேட்கக் கத்தியது. "அந்தக் கோட்டைக் கழற்றிவிட்டுத் தும்புத்தடியை எடு!"

சமையல்காரர்கள் தலையில் பருப்பு வடிய வெளியே பாய்ந்தார்கள். அன்று காலை பஸ்ஸில் புதிதாக வந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். பீலிக்ஸ் நின்று முகம் பார்க்கவில்லை, ஓடினார்.

ஓடிய பக்கம் ஒரு வான் மணலைக் கிளப்பிக்கொண்டு வந்தது. கொலோன் இலக்கத் தகடு, முன் கண்ணாடியில் மடு மாதா படம்.

'மாதாவே, நீயுமா?' என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டு, கோட்டையும் தொப்பியையும் வீசிவிட்டு, கண்ணில் பட்ட கூடாரத்துக்குள் புகுந்தார் பீலிக்ஸ்.

அது வேஷக் கூடாரம். தொண்டர்களின் தலைவி ஆன்கே அங்கேதான் நின்றாள். ஆறடி உயரம், பள்ளிக்கூட ஆசிரியை.

"ஹேர் பீலிக்ஸ்! கடவுளே அனுப்பியிருக்கிறார். ஒட்டகத்தின் முன்பக்கம் வெயிலில் மயங்கிவிட்டது."

விமானத்தில் வருகிறவர்களை வரவேற்க அங்கே ஒரு துணி ஒட்டகம் உண்டு. தலையும் முன்கால்களும் ஒரு ஆள், முதுகும் பின்கால்களும் இன்னொரு ஆள். பின் ஆள் குனிந்து முன் ஆளின் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"பின்பக்கம் தயார்" என்றாள் ஆன்கே. "இப்போதுதான் ஒரு தொண்டர் தானாகவே ஓடி வந்து புகுந்துகொண்டார். இப்படி மனிதர்கள் இருப்பதால்தான் விழா நடக்கிறது. ஞாபகம் இருக்கட்டும், ஒட்டகம் பேசாது. தலையைக் கழற்றக் கூடாது."

பீலிக்ஸுக்கு இதைவிட நல்ல ஒளிப்பிடம் கிடைக்குமா? தலையை மாட்டிக்கொண்டார். இரண்டு கைகள் பின்னாலிருந்து அவருடைய இடுப்பை இறுக்கிப் பிடித்தன. உள்ளே இருட்டு, வெக்கை, பருப்பு மணம்.

"எனக்கு வந்த காலம்" என்று பீலிக்ஸ் வாய்விட்டே சொன்னார். பின்னால் இருக்கிற வெள்ளைக்குத் தமிழ் விளங்கவா போகிறது? "ஐம்பது வயசிலை ஒட்டகமாப் போனன். எல்லாம் அந்த ஞானப்பிரகாசத்தாலை. கோட்டைப் போட்டிட்டு, பிஷப் மாதிரிக் குரலை வைச்சுக்கொண்டு, கேள்விமேலை கேள்வி. தான் பெரிய மேற்பார்வையாளராம். வேலை போன வலி அந்த மனுசனுக்கு என்னெண்டு தெரியும்?"

பின்னால் மூச்சு ஒரு மாதிரி இழுபட்டது. வெயில் தாங்காத பிறவி, பாவம் என்று நினைத்தார் பீலிக்ஸ்.

"வெளியே!" ஆன்கே தட்டி எழுப்பினாள். "விருந்தினர் வந்துவிட்டார்கள். ஒரு கலைஞர் குழு. எவ்வளவு அழகான சேலை!"

பீலிக்ஸ் ஒட்டகத்தின் வாய்க்குள் இருந்த வலை வழியாகப் பார்த்தார். கத்தரிப்பூ நிறக் காஞ்சிபுரத்தில் சிசிலி அக்கா நின்றாள். பக்கத்தில் ஜெசிந்தன், மணலில் புதைந்த சப்பாத்தைத் தட்டிக்கொண்டு.

"வணங்கு" என்று ஆன்கே ஒட்டகத்தின் காதில் சொன்னாள்.

பீலிக்ஸ் முழங்காலில் விழுந்தார். சம்பந்தி வீட்டாரைப் பன்னீர் தெளித்து வரவேற்க ஆசைப்பட்ட மனுசன், வாலோடு கும்பிட்டுக்கொண்டு மணலில் கிடந்தார். பின்பக்கம் வணங்கவேயில்லை. நடுங்கிக்கொண்டு நின்றது.

"இதென்னடா, கழுதையோ?" என்றாள் சிசிலி அக்கா.

"ஒட்டகம், அம்மா."

"ஆகட்டும். அந்தப் பெட்டையிட்டைக் கேள். தமிழ் ஆள் ஒருத்தர் இஞ்சை வந்து நிக்கிறார் எண்டு கேள்விப்பட்டம். ஐம்பது தாண்டின ஆள். எல்லாருக்கும் ஒரு கதை சொல்லிப்போட்டு, இஞ்சை என்ன செய்யிறார் எண்டு நான் என்ரை கண்ணாலை பாக்கவேணும்."

ஜெசிந்தன் தலையைச் சொறிந்தான். "அம்மா, அவருக்கு வெக்கமா இருக்கும். விடுங்கோவன்."

"எனக்கு வெக்கமில்லையோ? சனத்துக்கு முன்னாலை நான் என்ன முகத்தோடை கலியாணம் செய்து வைக்கிறது?"

பீலிக்ஸுக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. பெடியன் எவ்வளவு நல்லவன், வருங்கால மாமனாரின் மானத்துக்காகத் தாயோடு மல்லுக்கட்டுகிறானே என்று நினைக்க நினைக்க வெட்கம் இன்னும் கூடியது.

ஜெசிந்தன் டொச்சில் கேட்டான். ஆன்கே முகம் மலர்ந்தாள். "தமிழர்தானே? இருக்கிறார்! இப்போது அவர்..." அவளுடைய விரல் ஒட்டகத்தை நோக்கி எழும்பத் தொடங்கியது.

பீலிக்ஸ் ஓடினார். பின்பக்கத்தை இழுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தால், பின்பக்கம் அவரைத் தள்ளிக்கொண்டு ஓடியது. அப்படி ஒரு வேகம். முன்கால்கள் தரையில் படவில்லை.

"ஒட்டகமே, ரன்வேயை விட்டு விலகு!" என்று ஒலிபெருக்கி கத்தியது. "விமானம் இறங்குகிறது! ஒட்டகமே!"

ஒட்டகம் ரன்வேயைக் குறுக்கே தாண்டியது. தலைக்கு மேல் விமானம் மறுபடி எழும்பிப் போனது. இறகு கட்டியவர்கள் இது நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள். சிசிலி அக்காவின் குரல் பின்னால் கேட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் துரத்தி வந்தாள். ஜெசிந்தன் "அம்மா, அம்மா" என்று அவளுக்குப் பின்னால். ஒட்டகம் ஒரு பைன் பற்றைக்குள் விழுந்து, இரண்டாக மடிந்து கிடந்தது.

இனி ஓடமுடியாது. மூச்சு வாங்கியது. பீலிக்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"போதும்" என்றார் இருட்டில். "என்ரை பிள்ளையை நினைக்கத்தான் வெக்கமாக் கிடக்கு. வேலை போனதிலை என்ன வெக்கம்? களவே எடுத்தன்? நேரத்தோடை அந்த மனுசனிட்டைச் சொல்லியிருந்தால், போடா எண்டிருப்பார், இல்லாட்டி வா எண்டிருப்பார். இப்ப பொய்யன் எண்ட பேரும் வந்திட்டுது. நான் எழும்பி, தலையைக் கழட்டிப்போட்டு, அக்காவின்ரை காலிலை விழப்போறன். பிள்ளைக்காக. நீர் பின்னாலை சும்மா கிடவும், தம்பி. உமக்கு விளங்காது."

வெளியே மணலில் செருப்புச் சத்தம் நெருங்கியது. பீலிக்ஸ் சிலுவை போட்டுக்கொண்டு, ஒட்டகத் தலையை இரண்டு கையாலும் பிடித்தார்.

பின்னாலிருந்து ஒரு கை அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தது. பூசை வைக்கிற குரல் ஒன்று, மிக மெல்ல, கெஞ்சியது:

"சம்பந்தி, தலையைக் கழட்டிப்போடாதையுங்கோ. என்ரை வேலையும் போட்டுது, சுவிஸ் எல்லாம் சும்மா கதை. அவ தேடி வந்தது உங்களை இல்லை, என்னை."