நெற்றியில் விளக்குள்ள மீன்

இனி எந்த ரயில் பெட்டிக்கும் மனசைக் கொடுப்பதில்லை என்று ரெங்கசாமி தீர்மானம் செய்துகொண்டார். கையைக் கொடுக்கலாம், அதற்குச் சம்பளம் உண்டு. மனசு இனிமேல் கடலுக்கு.

பதினோரு வருஷமாக ரயில் பட்டறையில் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர் அவர். ஒரே பழுப்பு. கனவுகூட அந்த நிறத்தில்தான் வரும். அப்படிப்பட்டவர் கையில், முதல் வகுப்புப் பெட்டியில் எந்தத் துரையோ விட்டுப்போன ஓர் இங்கிலீஷ் பத்திரிகை கிடைத்தது. உள்ளே வண்ணப் படங்கள். வெயிலே எட்டாத ஆழ்கடலில் வாழும் மீன்கள். ஒன்றின் நெற்றியில் தூண்டில் போல ஒரு கொம்பு. அதன் நுனியில் விளக்கு. வானத்து மீன் ஒன்று வழி தவறிக் கடலில் விழுந்து, வீட்டுக்குத் திரும்பத் தானே விளக்கேற்றிக்கொண்டது போலிருந்தது. ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாமல், ரெங்கசாமி அரை மணி நேரம் அதனோடு மிதந்தார்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே தந்த குவார்ட்டர்ஸ் வீட்டுச் சுவரில் அதை எழுதியே தீர வேண்டும். ஆனால் சுவர் மனைவி நல்லம்மாளுடையது. புருஷனும் அப்படித்தான்.

"சுவத்துல மீனா? ஏங்க, நான் என்ன பாசார்ல மீன்கடையா போட்டிருக்கேன்?"

"மீனில்ல நல்லம்மா. பெருமாள்! மச்சாவதாரம்!"

அவள் படத்தை உற்றுப் பார்த்தாள். "பல்லு இவ்வளவு இருக்கு?"

"வேதத்தைத் திருடின அசுரனைக் கடிக்க வேணாமா?"

"நெத்தியில விளக்கு?"

"ஜோதி!"

நல்லம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அப்ப சரி. சாமி முடியிற வரைக்கும் வீட்டுல மீன் கிடையாது. சுருட்டும் கிடையாது. குளிச்சிட்டுத்தான் பிரஷைத் தொடணும்."

மூன்று வாரம் கத்தரிக்காய். ஆனால் என்ன! சுவரில் நீலம் ஏற ஏற, வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. கூஜா மிதந்தது. வெளியே கூவிக்கொண்டு போன ரயில், அடிக்கடலில் யாரோ பெருமூச்சு விட்டதுபோல் கேட்டது. கடைசிச் சொட்டு மஞ்சளை விளக்கில் வைத்தபோது, அந்த வெளிச்சம் தன் முகத்தில் பட்டதாகவே ரெங்கசாமிக்குத் தோன்றியது.

நல்லம்மாள் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"நெஜமாவே நல்லாயிருக்குங்க. ஆனா ஒண்ணு விட்டுட்டீங்க."

"என்ன, சங்கு சக்கரமா?"

"இதோட புருஷன்."

"பெருமாளுக்குப் புருஷனா?" என்றார் ரெங்கசாமி.

"பத்திரிகையை அன்னிக்கே பக்கத்து வீட்டு, ஆபீஸ்ல கணக்கெழுதுற ராதாகிருஷ்ணன் கிராணிகிட்ட கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இது பொம்பள மீனாம். ஆம்பள கட்டைவிரல் அளவுதானாம். அவ வயித்தைக் கவ்வி அப்படியே ஒட்டிக்குவானாம். அவ தின்னாத்தான் அவனுக்குச் சாப்பாடு. அவ போற எடந்தான் அவனுக்கும்."

"அப்ப பெருமாள் இல்லைன்னு தெரிஞ்சேவா எனக்கு மூணு வாரம் கத்தரிக்காய்?"

"மீன் கழுவிக் கழுவி எனக்கும் அலுத்துப்போச்சு. நீங்களா ஒரு வழி சொன்னீங்க. விடுவேனா?"

சொல்லிவிட்டு மீனின் வயிற்றில் விரலை வைத்தாள். "இங்க."

ரெங்கசாமி பிரஷைக் கறுப்பில் தோய்த்து, அவள் காட்டிய இடத்தில் மெல்ல ஒரு கோடு இழுத்தார்.

"இன்னும் சின்னதா," என்றாள் நல்லம்மாள்.