பிரேக் பிடியில் துயின்ற பொன்னழகி

சேர்வராயன் மலைக்காற்று வந்து இளைப்பாறும் அஸ்தம்பட்டி வாழ்க! அங்கே, செவ்வாய்ப்பேட்டை மொத்த மளிகைக் கடையில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே இருபதாண்டு வீற்றிருந்தும் ஒருமுறையேனும் தும்மாத திண்மையாளன், தன் வெண்ணிற ஸ்கூட்டரைப் பட்டத்து யானையெனப் பேணி நாள்தோறும் துடைத்த பெருவீரன் சுப்பையன் வாழ்க! இருபத்துநான்கு நாள் அவன் அந்த யானை ஏறாதிருந்த கடுந்தவத்தை உரைக்கப் புகுந்தோம்.

தவத்துக்குக் காரணம் ஒரு வண்ணத்துப்பூச்சி. ஏற்காட்டுச் சரிவின் இருள்சூழ் சோலைகளில் மரமுடிகளுக்கும் மேலே கருஞ்சிறகும் பொற்சிறகுமாய் மிதப்பவள், விரித்த சிறகு ஒரு சாண் இருப்பவள், காண்பதற்கு அரியவள், பெயர் பொன்னழகி. ஈசுரமூலி இனத்துக் கொடியன்றி வேறு இலையில் முட்டையிடுவதில்லை என்பது அவள் குலத்தின் ஆணை. சுப்பையனின் மனையாள் அனிதா கல்லூரியில் விலங்கியல் கற்பிப்பவள். மலையடிவார நாற்றுப்பண்ணையில் அக்கொடியை வாங்கி வந்து, போர்ட்டிகோ ஓரத்துத் தொட்டியில் நட்டிருந்தாள். ஆனி மாதத்து முற்பகலொன்றில் மலையிறங்கி வந்த பொன்னழகி ஒருத்தி, அதன் இலையடியில் செம்மணி போன்ற ஒற்றை முட்டையை வைத்துவிட்டு மீண்டாள்.

ஏழாம் நாள் பிறந்த புழு, முதலில் தன் முட்டையோட்டைத் தின்றது. பிறகு இலை தின்றது, தளிர் தின்றது, தண்டையும் விடவில்லை. நான்கு முறை சட்டை உரித்து விரற்பருமனாகி, கருஞ்சிவப்பு மேனியில் செம்முட்கள் தாங்கி, இடையில் வெண்பட்டை அணிந்து நின்றது. தின்ற இலையின் நஞ்சே கவசமாதலால் காக்கையும் அணுகவில்லை. ஒரு மாதத்தில் கொடி மொட்டையாயிற்று. காடென்றால் கிளை தேடியிருக்கும் அந்தப் புழு, கிளை காணாமல் அருகே நின்ற ஸ்கூட்டரில் ஏறி, வலக்கைப் பிரேக் பிடியின் அடியில் வாலை ஒட்டி, இடுப்பில் பட்டுநூல் கட்டி, காய்ந்த இலைபோலக் கூடாயிற்று.

மறுநாட் காலை சாவியோடு வந்த வீரன் அதைக் கண்டான். கண் சிவந்தான்.

“இங்க வா புள்ள, இதென்ன கருமம்?”

“ஐயோ, தொட்டுப்போடாதீங்க!” என்று ஓடி வந்தாள் அனிதா. “பொன்னழகி நம்மூட்டுல கூடு கட்டியிருக்குதுங்க. அந்த நூலு அறுந்தா உள்ள இருக்கறது செத்தாலும் செத்துப்போயிரும்.”

“அப்ப நான் கடைக்கு எப்படிப் போறது?”

“டவுன் பஸ்ஸுல போங்க. மூணு வாரந்தான்.”

போனான். பள்ளிப்பைகள் விலாவைத் துளைக்க, முழங்கைகள் முதுகைத் தாக்க, ஒற்றைக் கம்பியைக் கொடிமரமெனப் பற்றி அந்த நகரும் போர்க்களத்தில் நாள்தோறும் நின்றான். முதல் வாரம் கூட்டைச் சபித்தான். ஒன்பதாம் நாள் சாரல் சாய்ந்தடித்தபோது, கையிலிருந்த குடையை ஸ்கூட்டர்மேல் விரித்து வைத்துவிட்டு நனைந்தபடி பஸ் ஏறினான். ஏனென்று அவனுக்கே விளங்கவில்லை.

இருபதாம் நாள் வந்தது பெரும்படை. அனிதாவின் தமையன், திருச்செங்கோட்டு ரிக் லாரி அதிபன், ஆயிரமடிப் பாறையைத் துளைத்துத் தண்ணீர் கண்டவன், தூணென நின்றால் தூண் நாணும் உடலினன், சின்னண்ணன்.

“காரு மக்கர் பண்ணிருச்சுங்க மாப்ள. வண்டிய எடுத்துட்டு ஒர்க்‌ஷாப் வரைக்கும் போயிட்டு வந்தர்றேன்” என்றவன், ஆணியில் தொங்கிய சாவியைக் கவர்ந்து, யானைமேல் அமர்ந்துவிட்டான். வண்டி அரையடி தாழ்ந்தது. சுப்பையன் பாய்ந்து பின்கம்பியை இரு கையாலும் பற்றினான்.

“எறங்குங்க மச்சான்!”

“ஒரு பூச்சிக்கா மாப்ள இந்தப் பாடு?”

“பூச்சின்னு சொல்லாதீங்க மச்சான்!”

இழுத்தான் ஒருவன், இருந்தான் ஒருவன். திசையானைகள் தும்பிக்கை தூக்கி வேடிக்கை பார்த்தன. அவ்வேளை சின்னண்ணனின் விரல் பிரேக்கடியில் இலேசாகப் பட்டது. துயின்றிருந்த கூடு சிலிர்த்து, “ஸ்ஸ்ஸ்” என்று சீறியது.

“பாம்பு! பாம்புங்கோ!”

பாறை பிளந்த பேராண்மை ஒரே தாவலில் காம்பவுண்டுச் சுவரின்மேல் நின்றது.

“பாம்பில்லீங்ண்ணா. தொட்டா இந்தக் கூட்டுப்புழு அப்படித்தான் சீறும்” என்றாள் அனிதா, சிரிப்பை அடக்கி. சின்னண்ணன் இறங்கி, வேட்டியைச் சரிசெய்து, ஆட்டோ பிடித்துப் போனான்.

இருபத்துநான்காம் நாள் காலை கூடு பிளந்தது. கசங்கிய ஈரத்துணிபோல் ஒன்று வெளிவந்து தொங்கியது. சுப்பையன் கடைக்குப் போன் செய்தான்: “மதியத்துக்கு மேல வாரேனுங்க மொதலாளி. ஊட்டுல ஒரு விசேசமுங்க.”

இரண்டு நாழிகை மூச்சடக்கிக் காத்தான். கசங்கல் நீங்கிச் சிறகுகள் விரிந்தன. பின்சிறகில் பொன் பூத்தது. பொன்னழகி எழுந்தாள்! பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கடந்தாள், செல்போன் கோபுரத்தைக் கடந்தாள், ஏற்காட்டு மலைநோக்கி ஒரு பொற்பொறியாய்ச் சென்று மறைந்தாள். வெற்றிமுரசு நெஞ்சில் அதிர, விழியோரம் கசிய, பட்டத்து யானையின் பிடரியைத் துண்டால் துடைத்து, தலைக்கவசம் பூண்டு, உலகனைத்தும் வணங்கி வழிவிடும் என்ற செம்மாப்போடு ஏறியமர்ந்து சாவியைத் திருகினான் சுப்பையன்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.