பொங்கி எழுந்த பள்ளத்தாக்கு

மெட்ரோவில் என் நிறுத்தம் வந்தும் இறங்காமல் போன நாட்கள் உண்டு. தூங்கிப் போனதால் அல்ல. கதவை மறித்துக்கொண்டு யாராவது நிற்பார்கள். 'பார்தோன்', மன்னிக்கவும், என்று பிரெஞ்சில் ஒரு சொல் சொன்னால் விலகிவிடுவார்கள். அந்த ஒரு சொல் எனக்கு வாயில் வராது. அவர் எங்கே இறங்குகிறாரோ அங்கே நானும் இறங்கி, திரும்பி நடப்பேன். (ஒருமுறை அந்த மனிதர் கடைசி நிறுத்தம் வரை போனார். பனிக்காலம் வேறு.)

இப்படிப்பட்டவள் தேவாலயப் பங்கு மக்கள் எல்லோருக்கும் முன்னால் நின்று பேச எப்படி ஒப்புக்கொண்டாள் என்று கேட்பீர்கள். 'மாட்டன்' என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

எங்கள் தமிழ்ப் பங்கில் அந்த நவம்பரில் விவிலியக் கண்காட்சி. குடும்பத்துக்கு ஓர் இடம். அதை மாதிரியாகச் செய்து வைத்து, ஐந்து நிமிடம் விளக்க வேண்டும். பெண்கள் குழுவை நடத்தும் அன்னம்மா அக்கா, பூசை முடிந்ததும் பெயர் எழுதும் கொப்பியோடு என்னிடம் வந்தார்.

"பிலோ, பெத்லகேம் போயிட்டுது. எரிக்கோவும் போயிட்டுது. உனக்கு யெஸ்ரயேல் பள்ளத்தாக்கு. சரியோ?"

தலையாட்டினேன்.

"கதைக்க ஏலாட்டி இப்பவே சொல்லு. நீ எழுதித் தா, நான் வாசிக்கிறன். நீ வழக்கம்போல ரோல்ஸைப் பொரி."

அவர் அன்போடுதான் சொன்னார். ஆனால் அது எனக்குச் சுருக்கென்றது. பதினொரு வருடமாகப் பங்கின் எல்லா விழாக்களிலும் நான் சமையலறையில் ரோல்ஸ்தான் பொரித்துக்கொண்டிருந்தேன். என் குரல் எப்படியிருக்கும் என்று அங்கே பாதிப்பேருக்குத் தெரியாது. இம்முறை வாய் திறக்காவிட்டால் இனி எப்போதும் எண்ணெய்ச் சட்டிதான் என்று எனக்கு விளங்கியது.

நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள். வேலை, முதியோர் இல்லமொன்றின் சலவை அறையில். நூலகத்தில் படங்களும் வரைபடங்களும் நிறைந்த பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, அகராதியோடு குந்தினேன். முதல் பக்கத்திலேயே வாயைப் பிளந்தேன்.

மலைகளுக்கு நடுவே முக்கோணமாக ஒரு பச்சை நிலம். மேற்கே கர்மேல். தென்கிழக்கே கில்போவா. வடகிழக்கே தாபோர் மலை, சிரட்டையைக் கவிழ்த்து வைத்ததுபோல் தனியாக. மலைகளில் இருந்து காலங்காலமாகக் கழுவி வந்த களிமண்தான் அந்தக் கரிய வளம். எகிப்தில் இருந்து வடக்கே போன படைகளும் வணிகர்களும் அதன் வழியாகத்தான் போயிருக்கிறார்கள். அந்த வழியைக் காத்து நின்ற மெகிதோ நகரம் இடிய இடிய, அதன் மேலேயே மறுபடி கட்டியிருக்கிறார்கள். இப்போது அங்கே ஒரு மேடு. அடுக்கடுக்காக நகரங்கள் உள்ளே படுத்திருக்கின்றன. கீசோன் என்ற ஆறு கோடையில் நூல்போல ஓடும், மழை பெய்தால் சமவெளியையே சேறாக்கிவிடும். சிசெரா என்ற தளபதியின் தொள்ளாயிரம் இரும்புத் தேர்கள் அந்தச் சேற்றில்தான் மாட்டிக்கொண்டன. பிறகு நெடுங்காலம் சதுப்பும் மலேரியா நுளம்பும். கடந்த நூற்றாண்டில் நீரை வடித்தார்கள். இன்று மறுபடியும் கோதுமை.

யெஸ்ரயேல் என்றால் 'கடவுள் விதைக்கிறார்' என்று பொருளாம். அதை வாசித்த நாளில் வேலையிடத்தில் கட்டில் விரிப்பை மடிக்கும்போது, நடுவில் விழுந்த பள்ளத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டேன். மேற்பார்வையாளர் வந்து எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

மலைகள் சுலபம். கிறிஸ்மஸ் பாலன் குடில் செய்து பழகிய கை. தெர்மோக்கோல், பழைய பத்திரிகை, கோதுமை மாப் பசை. எங்கள் சாப்பாட்டு மேசையில் கலிலேயா எழும்பியது. நாங்கள் இரண்டு வாரம் தரையில் குந்தியிருந்து சாப்பிட்டோம். குடிலுக்குப் பயறு முளைக்கவைப்பதுபோல, ஜன்னலோரத் தட்டுகளில் பஞ்சு விரித்துப் பயறு போட்டுப் பச்சையும் வளர்த்தேன். நடுப்பள்ளத்தை நிரப்பத்தான் மண் வேண்டியிருந்தது.

அப்போது அன்னம்மா அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். "ஹோலுக்குள்ள மண் கொண்டு வரப்படாது. தரை புதுசு. ஃபாதர் கண்டிப்பாச் சொல்லிப்போட்டார்."

மண் இல்லையென்றால் என்ன செய்வது? என் மூளை அன்றைக்கு மட்டும் வேலை செய்தது. தமிழ்க் கடையில் ஒரு மூடை பயறு வாங்கி, பலகைப் பெட்டிக்குள் நாலு விரல் உயரத்துக்குக் கொட்டினேன். மேலே வளர்த்த பச்சையைப் பரப்பினேன்.

என் கணவர் பார்த்துவிட்டு, "நீர் பள்ளத்தாக்கு செய்யிறீரோ, பயற்றங்கஞ்சி காய்ச்சப் போறீரோ?" என்றார்.

"கண்காட்சி முடியப் பேந்து அவிச்சு எல்லாருக்கும் குடுக்கலாம்" என்றேன். அவ்வளவு கெட்டித்தனம்!

வெள்ளிக்கிழமை மாலை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் மண்டபத்தில் வைத்தோம். ஹீட்டர் சூட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குள் பச்சை வாடிவிடும் என்று பயந்து, இரண்டு வாளி தண்ணீரை ஆசை தீர ஊற்றிவிட்டு வந்தேன். (உலர்ந்த பயற்றுக்குத் தண்ணீர் விட்டால் என்ன நடக்கும் என்பது தமிழ்ச் சமையலறையில் எந்தக் கைக்கும் தெரியும். என் கைக்கும் தெரியும். ஆனால் அன்று அது எனக்குப் பயறாகத் தெரியவில்லை. அது யெஸ்ரயேல்.)

ஞாயிறு, பூசை முடிந்து மண்டபத்துக்குள் போனேன். முதலில் வந்தது மணம். ஊறிப் புளித்த மணம். பிறகு கண்டேன். என் பள்ளத்தாக்கு மலையாகியிருந்தது. நடுவில் கும்பமாக எழும்பி நின்றது. உச்சியில் சிசெராவின் தேர்கள். கீசோன் ஆற்று நீலத்தாள் மலையேறியது. தாபோர் சரிந்து நின்றது. பலகைகள் வயிறு தள்ளிக்கொண்டிருந்தன.

"பிலோமினா வாங்கோ" என்று ஃபாதர் மைக்கை நீட்டினார். சனம் கூடிவிட்டது. கையில் என் தாள். தாளைத் தவிர வேறெதையும் சொல்ல எனக்குத் தெரியாது. ஆகவே வாசித்தேன்.

"இப்பள்ளத்தாக்கு, பாய் விரித்ததுபோல் சமதரையாக அமைந்துள்ளது."

முன்வரிசையில் இருந்த சூசைப்பிள்ளை ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "பிள்ளை, பள்ளம் எங்கை?"

சிரிப்பு எழும்பியது. நான் தாளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மெகிதோவைத் தாண்டி சிசெராவுக்கு வந்தேன். "வானம் திறந்தது. கீசோன் பெருக்கெடுத்தது. தேர்கள் ..."

டப்.

முன்பலகை கழன்றது. கர்மேல் மலை குப்புற விழுந்தது. ஒரு மூடை பயறு, ஊறி மூன்று மூடையான பயறு, சளசளவென்று இறங்கி ஓடியது. தொள்ளாயிரம் தேர்களுக்குப் பதிலாக நான் வைத்திருந்த ஒன்பது தேர்களும் அதில் அள்ளுண்டு, ஃபாதரின் சப்பாத்துக் கால்களில் முட்டி நின்றன.

சூசைப்பிள்ளை ஐயா சிலுவை போட்டுக்கொண்டார்.

ஃபாதர் மெல்லக் கேட்டார். "இது... வேணுமெண்டே செய்ததோ?"

வாழ்க்கையில் முதல்முறையாக என் வாய் எனக்கு முந்தியது. "ஓம் ஃபாதர்."

கைதட்டினார்கள். என் கணவர் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். அவருடைய தோள் குலுங்கியது.

தாள் கையில் இருந்து விழுந்து பயற்றில் நனைந்துவிட்டது. ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இடிந்த மலைகளுக்கு நடுவே, வடக்கு ஓரத்தில், நான் ஒட்டிய ஒரு சின்ன வெள்ளை வீடு மட்டும் அசையாமல் நின்றது. அதைப் பார்த்ததும் பேச்சு தானாக வந்தது.

"உது நாசரேத்து. மலை விளிம்பில இருக்கு. இயேசு வளர்ந்த ஊர். அந்த விளிம்பில வந்து நிண்டு கீழ பாத்தா இந்தப் பள்ளத்தாக்குத்தான் தெரியும். படைகள் செத்த நிலம். அவர் பாக்கேக்க அதில கோதுமை விளைஞ்சிருக்கும். இப்பவும் விளையுது. எனக்கு அதை நினைக்க நினைக்க..."

அதற்கு மேல் வரவில்லை. இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

புதுத்தரையைக் கூட்டி முடிக்க இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அன்னம்மா அக்கா தும்புத்தடியோடு வந்து, "நல்லாக் கதைச்சாய்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேணுமெண்டு செய்யேல்லைதானே?" என்றார்.

"இல்லை அக்கா."

"எனக்குத் தெரியும். மணந்தது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதைத் தேடிக் கிடைக்காவிட்டாலும் கேள்வி ஒன்றுதான். கறிக்குள் இறைச்சி குறைந்தால், "பிள்ளை, பள்ளம் எங்கை?" என் கணவர் இரவுச் சாப்பாடு முடிந்து வயிற்றைத் தடவும்போது அதே கேள்வியை நான் திருப்பிக் கேட்பேன்.

அந்த டிசம்பரில், பனி கொட்டிய ஒரு நாள், அன்னம்மா அக்கா மண்டபத்தில் இருந்து கூப்பிட்டார். குடில் கட்டப் போயிருந்தார்.

"பிலோ, உடனே வா. வாசலில பூட்ஸ் கழட்டி வைக்கிற தட்டோரத்தில வந்து பார். நாங்க கூட்டாம விட்ட பயறில எல்லாற்றை பூட்ஸிலயும் இருந்து பனித்தண்ணி வடிஞ்சு வடிஞ்சு... உன்ர பள்ளத்தாக்கு முளைச்சிட்டுது!"

நான் மெட்ரோ பிடித்து ஓடினேன். கதவை மறித்து ஒருவர் நின்றார். 'பார்தோன்' என்றேன். அவர் விலகினார். மண்டப வாசலில் முழந்தாளிட்டுக் குனிந்து பார்த்தேன். சேற்றுத் தண்ணீருக்குள் விரல் உயரத்துக்குப் பச்சை. விதைத்தது நானில்லை. அந்த வருடக் குடிலுக்கு அதைத்தான் வைத்தோம்.