கோட்டுக்குள் ஒரு கட்டைவிரல்

சட்டைப் பொத்தானைப் போடுவதற்கே பூபதியின் வலது கட்டைவிரல் மல்லுக்கு நின்றது. பகலெல்லாம் ஓசூர் கம்பெனியில் ஸ்க்ரூ முடுக்கும் விரல். சாயங்காலமானால் கோவிந்தப்பன் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் விரல். பாவம், அது எந்த ஷிஃப்டில்தான் ஓய்வெடுக்கும்?

தலைவர் கோவிந்தப்பனிடம் சொல்லவும் பயம். "நம்ம குழுவுல எவனுக்கும் ஒரு நாளும் கை வலின்னு வந்ததே இல்லப்பா" என்று ஊரெல்லாம் பெருமையடிக்கிற மனிதர். குழுவில் வருஷக்கணக்காகக் கெஞ்சிப் பிடித்த கீபோர்டு நாற்காலி அது. போய்விட்டால் பூபதிக்கு ஸ்க்ரூ மட்டும்தான் மிச்சம்.

யார் கண்ணிலும் படாமல் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினான். பிசியோதெரபிஸ்ட் சுசித்ரா மேஜையையே கீபோர்டாக நினைத்து வாசிக்கச் சொன்னாள்.

"ரொம்பத் தாழ்வா உக்கார்றீங்க, மணிக்கட்டு தொங்குது. அதான் விரல் இழுக்குது. கட்டைவிரல் அசையாம இந்தப் பட்டையக் கட்டிக்கோங்க. ரெண்டு வாரம் வாசிக்கவே கூடாது."

"ஞாயித்துக்கிழமை ஜூஜுவாடியில ரிசப்ஷன் இருக்குங்க மேடம்."

"நான் இப்ப என்ன சொன்னேன்?"

"பட்டை கட்டச் சொன்னீங்க."

ஞாயிற்றுக்கிழமை, பட்டையை மறைக்கத் தம்பியின் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு ரிசப்ஷனுக்குப் போனான். தம்பி நெட்டை, கோட்டின் கை விரல் நுனிவரை வந்தது. கோட்டைப் பார்த்ததும் கோவிந்தப்பனுக்குக் குஷி.

"அடடே, மாப்பிள்ளையே தோத்தான் போ! முன்னால வந்து உக்காருப்பா" என்று மூலையில் இருந்தவனை மேடையின் நடுவுக்கு இழுத்துவிட்டார்.

பட்டைக்குள் கட்டைவிரல் அசையவில்லை. பாதி ஸ்வரங்களை விட்டுவிட்டுத்தான் வாசித்தான். ஆனாலும் பாட்டு பிசிறில்லாமல் ஓடியது. ஆண்டவன் துணை என்று நினைத்துக்கொண்டான்.

"இன்னிக்குப் பின்றியேப்பா!" என்றார் தலைவர். "பொண்ணு வீட்டுக்காரங்க கன்னடப் பாட்டு கேக்கறாங்க. அதுல நடுவுல கீபோர்டு மட்டும் தனியா வரும், வெளுத்துக் கட்டு."

பூபதி தலையை ஆட்டிவைத்தான்.

தனி வாசிப்பின் பாதியில் விரல் சுளீரென்றது. "அம்மா!" என்று கையை உதறி மடியில் வைத்துக்கொண்டான். தொலைந்தது நாற்காலி. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கீபோர்டு நிற்கவில்லை. விறுவிறுவென்று வாசித்துக்கொண்டே போனது. கூட்டம் கை தட்டியது.

சவுண்ட் சிஸ்டம் திம்மப்பன் குனிந்தபடி வந்து அவன் காதில் சொன்னார்:

"கைய மேல வெய்யி சாமி, எல்லாரும் பாக்கறாங்க. இந்த மேடையில அத்தனையும் ரெக்கார்டிங்தான். நீ ஆசையா வாசிக்கறியேன்னு தலைவர்லேர்ந்து யாருக்கும் சொல்ல மனசு வரல. நம்ம குழுவுல நெசமா வாசிச்சுக் கை வலிச்ச ஒரே ஆளு நீதான்."