மாமனார் போனில் போட்ட ஆப்

மாமனாரை வைத்து எதையும் சோதித்துப் பார்க்கக் கூடாது. இது எனக்கு எட்டுப் பேர் முன்னிலையில் தெரிந்தது.

பெரம்பலூரில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். இது நடந்தபோது வேலை தற்காலிகம்தான். சின்ன வெங்காய விலை சொல்லும் ஆப் செய்துகொண்டிருந்தோம். அது பாதியில் படுத்துவிட்டால், தானாகவே ஒரு புகார் ஆபீஸ் பட்டியலில் போய் விழ வேண்டும். விழுகிறதா என்று திங்கட்கிழமை நான் காட்டிவிட்டால் வேலை நிரந்தரம்.

சோதனைக்காக, திறந்த ஒரு நிமிடத்தில் ஆப் படுத்துவிடும்படி செய்து (மூளை!), அரியலூரில் இருக்கும் மாமனார் போனில் போட்டேன். “ஒரு தடவை திறந்து பாருங்க மாமா, போதும்” என்றேன். படுத்ததும் ‘என்ன நடந்தது?’ என்று ஒரு பெட்டி வரும். எழுதுவதும் எழுதாததும் அவரவர் விருப்பம்.

மாமனாரோ தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் வாராவாரம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பவர். காலிப் பெட்டியைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. பாவி நான், அதை மறந்தேன்.

திங்கட்கிழமை வீடியோ காலில் எட்டுப் பேர். பெருமையாகப் பட்டியலைத் திறந்தேன். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தொரு புகார்!

‘பெறுநர்: உயர்திரு மேலதிகாரி அவர்கள். பொருள்: ஆப் படுத்தது தொடர்பாக’ என்று தொடங்கியது முதலாவது. பத்தாவதில் ஆப் போய் நான் வந்துவிட்டேன். மேனேஜர் அதைச் சத்தமாகவே வாசித்தார்: ‘மேற்படி ஆப்பைச் செய்த என் மருமகன், கல்லங்குறிச்சி கோயிலுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லி மூன்று சனிக்கிழமை ஏமாற்றிவிட்டார். தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

கால் முடிந்ததும் மாமனாருக்குப் போன் போட்டுக் கத்தினேன். “ஒரு தடவைதானே மாமா சொன்னேன்!”

“ஒரு மனுவுக்கு எவன் மாப்ள பதில் போட்டிருக்கான்? திரும்பத் திரும்பக் குடுத்தாதான் பைல் நவுரும்.”

புகார் ஒழுங்காகப் போய்ச் சேருகிறது என்பதற்கு நாற்பத்தொரு சாட்சி இருந்ததால் வேலை நிரந்தரமாகிவிட்டது. நாற்பது புகாரை மூடியும் விட்டார்கள். பத்தாவதை மட்டும், புகார் கொடுத்தவர் சரி என்று சொன்னால்தான் மூடுவோம் என்று மேனேஜர் சிரித்தார். அந்தச் சனிக்கிழமையே கோயிலுக்குக் கூட்டிப்போய், தரிசனம் முடிந்த கையோடு போனை நீட்டினேன்.

“அது கெடக்கட்டும் மாப்ள” என்று தட்டிவிட்டார். “அடுத்த சனிக்கிழமையும் வருவீங்கள்ல?”

இரண்டு வருடமாகிறது. நான் கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்தால் என் மனைவி சண்டை போடுவதில்லை. “அப்பா போன்ல அந்த ஆப் இன்னும் இருக்குங்க” என்கிறாள், அவ்வளவுதான்.